டிஜிட்டல் வந்தால் கூரை அன்ரெனாவைக் கழற்ற வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கூரை அன்ரெனாவில் நாங்கள் பிடிக்கிற இலங்கைத் தொலைக்காட்சி, பழைய அனலொக் முறையில் இருந்து டிஜிட்டலுக்கு மாறப்போகிறது என்று நெடுநாளாகப் பேச்சு. அன்ரெனா, செற் ரொப் பொக்ஸ் (டிஜிட்டல் சிக்னலைப் படமாக்கி ரீவிக்குக் கொடுக்கும் பெட்டி), "டிஜிட்டல் வரப்போகுதாமே" என்ற அந்தப் பேச்சு, இவற்றைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்தமுறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கூரையில் அப்பா காலத்து அன்ரெனா நிற்கிறது. ரீவி திருத்த வந்தவர், டிஜிட்டல் வந்தால் இது ஒன்றுக்கும் உதவாது, இப்போதே ஒரு "டிஜிட்டல் அன்ரெனா" வாங்கிப் பூட்டுங்கள் என்கிறார். வாங்கலாமா? (மானிப்பாய்)

பதில்: வாங்க வேண்டாம். அன்ரெனாவுக்கு அனலொக், டிஜிட்டல் என்ற வேறுபாடே தெரியாது. காற்றில் வருகிற அலையைப் பிடித்து வயருக்குள் விடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த அலையில் படமும் ஒலியும் எந்த முறையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது ரீவிக்குள் இருக்கும் ரியூனரின் பொறுப்பு. பெட்டியின்மேல் டிஜிட்டல், எச்டி, 4கே என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதெல்லாம் விற்பனைக்காகத்தான், உள்ளே இருப்பது அதே அலுமினியக் கம்பி.

அன்ரெனா பார்ப்பது மீடிறனை, அதாவது அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை, மட்டும்தான். விஎச்எவ் என்று சொல்லும் 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதிக்கு, அலைநீளத்தின் பாதி என்று கணக்குப் பார்த்தால் கம்பி முக்கால் மீற்றர் அளவில் வரும். 470 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் யூஎச்எவ் பகுதிக்குக் கம்பி ஒரு அடி அளவுதான், மீடிறன் கூடக்கூட அது இன்னும் குட்டையாகும். உங்கள் கூரையைக் கீழிருந்து பார்த்தாலே விளங்கும்: நீளக் கம்பிகள் மட்டும் இருந்தால் அது விஎச்எவ், குட்டைக் கம்பிகள் நெருக்கமாக வரிசையாக இருந்தால் யூஎச்எவ், இரண்டும் கலந்திருந்தால் இரண்டுக்கும் பொது. உலகில் பெரும்பாலான நாடுகளில் டிஜிட்டல் ஒளிபரப்பு யூஎச்எவ் பகுதியில்தான் நடக்கிறது. ஆகவே நீளக் கம்பி அன்ரெனா மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பிறகு ஒருநாள் யூஎச்எவ் அன்ரெனா ஒன்று தேவைப்படலாம், ஆனால் ஒளிபரப்பு தொடங்கி, எந்தத் திசையிலிருந்து எந்தச் சனலில் வருகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும். இப்போது வாங்கினால் அது மழையிலும் உப்புக்காற்றிலும் நின்று, வேண்டிய நேரத்தில் கறள் பிடித்துப்போயிருக்கும்.

கையில் காசு இருந்து ஏதாவது செய்யவேண்டும் என்று இருந்தால் வயரை மாற்றுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்கிற குறை அன்ரெனா அல்ல, வயர். பழைய தட்டை வயர் (300 ஓம்) இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது, அது சுவரோடும் இரும்புக் குழாயோடும் ஒட்டிப்போனால் சிக்னல் கெட்டுவிடும். உருண்டையான கோஎக்சியல் வயராக இருந்தாலும் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் முறுக்கி ரேப் சுற்றியிருப்பார்கள், மேலே இணைப்பில் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கும், வெயிலில் வெளி உறை வெடித்திருக்கும். ஆர்ஜி-6 என்று எழுதிய 75 ஓம் வயரை அன்ரெனாவில் இருந்து ரீவி வரை ஒட்டில்லாமல் ஒரே துண்டாக இழுங்கள். மேலே இணைக்கும் இடத்தில் 300 ஓமை 75 ஓமாக மாற்றும் சின்னப் பெட்டி இருக்கும், அதை மூடியோடு, மழை படாமல் பூட்டுங்கள். வயர் இணைப்புக்குள் நுழைய முன் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இது இன்றைய அனலொக் படத்துக்கும் உதவும், நாளைக்கு வருவதற்கும் உதவும்.

கேள்வி: டிஜிட்டல் வருகிறது வருகிறது என்று பத்து வருசத்துக்கு மேலாகக் கேட்கிறோம். வருமா வராதா? (சாவகச்சேரி)

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கிய காலத்து அதே அனலொக் முறையில்தான் இன்றும் தரைவழி ஒளிபரப்பு வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. முதலில் ஐரோப்பாவின் டிவிபி-ரி2 முறைக்குப் போவதென்று பேச்சிருந்தது, பிறகு 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறை என்று அரசு முடிவை மாற்றியது. அதே ஆண்டில் இந்த வேலைக்கென்று ஏறத்தாழ 1370 கோடி யென் ஜப்பானியக் கடனும் கையெழுத்தானது. கொழும்பில் 350 மீற்றர் உயரத்தில் தாமரைக் கோபுரம் எழுந்ததற்கு டிஜிட்டல் ஒளிபரப்பும் ஒரு காரணம், அதுகூட 2022 செப்டெம்பரில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அதே 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது ஜப்பானியக் கடனில் நடந்த வேலைகள் நின்றுபோயின, 2024 ஜூலையில்தான் ஜப்பான் அந்தக் கடன்களை மீண்டும் விடத் தொடங்கியது.

இதில் வீட்டுக்காரருக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். அனலொக் நிற்கும் நாள் என்று ஒன்று அறிவித்தாலும் மறுநாள் எல்லாம் இருண்டுவிடாது. எந்த நாட்டிலும் இரண்டையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டுத்தான் அனலொக்கை மூடினார்கள். ஜப்பான் டிஜிட்டலைத் தொடங்கியது 2003 டிசெம்பரில், அனலொக்கை மூடியது 2011 ஜூலை 24இல். அதுவும் அந்த வருடம் சுனாமி அடித்த இவாத்தே, மியாகி, புக்குஷிமா ஆகிய 3 மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை நாள் நீட்டிக் கொடுத்தார்கள். அந்த மனப்பாங்கை நான் மதிக்கிறேன். வடக்குக்கும் கிழக்குக்கும் தனி நிலைமை இருந்தால் தனி நாள் கேட்பதில் பிழையில்லை.

கேள்வி: எங்கள் தீவில் ரூபவாஹினி புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், சிலநேரம் குரல் மட்டும் கேட்கும். டிஜிட்டல் வந்தால் கண்ணாடிபோல் தெரியும் என்கிறார்கள். உண்மையா? (நெடுந்தீவு)

பதில்: இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் "டிஜிட்டல் என்றால் தெளிவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அனலொக்கில் சிக்னல் குறையக் குறையப் படம் படிப்படியாகக் கெடும். முதலில் சின்னப் புள்ளிகள், பிறகு நிறம் போகும், பிறகு இரைச்சல், கடைசியில் ஏதோ உருவம் அசைவது மட்டும் தெரியும். அந்த நிலையிலும் செய்தி கேட்கலாம், கிரிக்கெட் ஸ்கோர் தெரிந்துகொள்ளலாம். டிஜிட்டல் அப்படி இல்லை. படம் எண்களாக வருகிறது, வழியில் சில எண்கள் பிழைத்துப்போனால் திருத்திக்கொள்ள மேலதிகத் தகவலும் கூடவே வருகிறது, அந்தத் திருத்தம் தாங்குகிற எல்லை வரைக்கும் படம் குறையே இல்லாமல் இருக்கும். எல்லையைத் தாண்டியதும் படம் சதுரம் சதுரமாக உடையும், குரல் வெட்டி வெட்டி வரும், அதற்கும் கீழே போனால் திரை கறுப்பு. ஆகவே இப்போது இலேசான புள்ளியோடு பார்க்கிற கொக்குவில்காரருக்கும் நல்லூர்காரருக்கும் டிஜிட்டல் பெரிய வரம். குரல் மட்டும் கேட்கிற நெடுந்தீவுக்காரருக்கு, அருகில் புதிய ஒளிபரப்பி எதுவும் வைக்காமல் மாற்றினால், இருப்பதும் போய்விடலாம்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபுரத்தின் உயரம், உங்கள் அன்ரெனாவின் உயரம் இரண்டையும் மீற்றரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் அலை பூமியின் வளைவில் மறைபடாமல் எத்தனை கிலோமீற்றர் வரும் என்பது ஏறத்தாழத் தெரியும். ஏ9 வீதியில் கொக்காவிலில் நிற்கும் கோபுரம் 174 மீற்றர். (முன்பு அங்கே இருந்த ரூபவாஹினியின் ஒளிபரப்பு நிலையம் 1990 யுத்தத்தில் அழிந்தது, இப்போது நிற்கும் கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது.) 174இன் வர்க்கமூலம் 13.2, வீட்டில் 9 மீற்றர் உயரத்தில் அன்ரெனா என்றால் அதன் வர்க்கமூலம் 3, கூட்டிப் பெருக்கினால் 67 கிலோமீற்றர் அளவில் வரும். யாழ்ப்பாண நகரம் கொக்காவிலில் இருந்து நேர்கோட்டில் 60 கிலோமீற்றர் சொச்சம், ஆகவே விளிம்புக்குள் நிற்கிறது. நெடுந்தீவு 80 கிலோமீற்றருக்கு மேல். அங்கே அதே நேர்ப்பார்வை கிடைக்கவேண்டுமானால் ஏறத்தாழ 50 மீற்றர் உயரத்தில் அன்ரெனா நிற்கவேண்டும், எந்தப் பனையும் அந்த உயரம் வராது.

விளிம்பைத் தாண்டியும் கொஞ்சம் அலை வளைந்து வரத்தான் செய்யும், அதனால்தான் உங்களுக்குக் குரலாவது கேட்கிறது. ஆனால் டிஜிட்டலுக்கு அந்தக் கசிவை நம்பியிருக்க முடியாது. நல்ல விஷயம் என்னவென்றால், ஐஎஸ்டிபி-ரியிலும் டிவிபி-ரி2இலும் ஒரே மீடிறனிலேயே சின்னச் சின்னத் துணை ஒளிபரப்பிகளை வைத்துக்கொண்டு போகலாம், ஒன்றின் அலை மற்றதைக் குழப்பாதபடி அந்த முறைகளிலேயே ஏற்பாடு உண்டு. அனலொக்கில் அப்படிச் செய்தால் இரட்டை உருவம் விழும். ஆகவே தீவகத்துக்கு ஒரு துணை ஒளிபரப்பி வைப்பது தொழில்நுட்பத்தில் கடினமான வேலை அல்ல, திட்டத்தில் முதலிலேயே எழுதப்பட வேண்டிய வேலை. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு, எழுவைதீவு மக்கள் இதைப் பிரதேச செயலகம் வழியாக இப்போதே எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும். வரைபடம் போட்டு முடிந்தபிறகு கேட்டால் "அடுத்த கட்டத்தில்" என்ற பதில்தான் வரும். உங்கள் கடிதத்துக்கு இந்த இதழின் பிரதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு இதிலேயே இருக்கிறது.

கேள்வி: முன்பெல்லாம் உயரக் குழாயும் பூஸ்டரும் போட்டால் தூர்தர்ஷன் வரும். இப்போது வெறும் இரைச்சல். அன்ரெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பலனில்லை. என்ன பழுது? (ஊர்காவற்றுறை)

பதில்: உங்கள் பக்கத்தில் ஒரு பழுதும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒளிபரப்பியை நிறுத்திவிட்டார்கள். தூர்தர்ஷன் 2021, 2022 காலப்பகுதியில் தன் அனலொக் தரைவழி ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது, இனி அன்ரெனாவை மேற்கே திருப்பிவைத்துக் காத்திருக்க வேண்டாம்.

எண்பதுகளில் இருந்தே யாழ்ப்பாணத்துக் கூரைகளில் குழாய்மேல் குழாய் பூட்டித் தமிழ்நாட்டைப் பிடித்தவர்கள் நாங்கள், அதனால் இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல என்பது எனக்குத் தெரியும். மற்ற இடங்களில் பக்கத்து நாட்டுத் தொலைக்காட்சி என்பது ஒரு வேடிக்கை, எங்களுக்கு அது எங்கள் மொழியில் வந்த ஒன்று. இராமேஸ்வரத்துக் கோபுரம் 323 மீற்றர். மேலே சொன்ன கணக்கை அதற்குப் போட்டால், 10 மீற்றர் அன்ரெனாவுக்கு 87 கிலோமீற்றர் வருகிறது. யாழ்ப்பாண நகரம் அங்கிருந்து 90 கிலோமீற்றர் அளவு, ஊர்காவற்றுறை அதைவிடக் கிட்ட. அதாவது சரியாக விளிம்பில். அதனால்தான் ஒரு வீட்டில் தெரிந்தது அடுத்த வளவில் தெரியவில்லை, குழாயை ஒரு பாகம் உயர்த்தினால் படம் வந்தது.

இன்னொன்றும் பலர் கேட்கிறார்கள்: சில இரவுகளில் மட்டும் எங்கேயோ தூரத்து நிலையங்கள் கணீரென்று கேட்குமே, அது ஏன்? கடல்மேல் காற்று அசையாத நேரங்களில் கீழே ஈரமான குளிர்ந்த காற்றும் அதன்மேல் உலர்ந்த சூடான காற்றும் படிந்துவிடும். அந்த எல்லையில் ரேடியோ அலை கீழ்நோக்கி வளைந்து, கடலுக்கும் அந்தப் படைக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடும். பாக்கு நீரிணை இதற்குத் தோதான இடம். எவ்எம் வானொலியில் இன்றும் அதைக் கேட்கலாம். டிஜிட்டல் காலத்தில் இது தொல்லையாகவும் வரலாம், அக்கரையில் அதே மீடிறனில் ஏதாவது ஓடினால் எங்கள் படம் இரவில் திடீரென்று உடையும். அப்படி நடந்தால் ரீவியைத் திருத்தக் கொடுக்காதீர்கள், விடியப் பாருங்கள்.

தூர்தர்ஷன் கட்டாயம் வேண்டும் என்றால் மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஜிசாட்-15 செய்மதி கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது, எங்கள் ஊரில் இருந்து தென்கிழக்கு வானில் நல்ல உயரத்தில். மரம் மறைக்காத இடமாகப் பாருங்கள். முன்பு பொதிகை என்று இருந்த சனல் 2024 ஜனவரியில் இருந்து டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது.

கேள்வி: எங்களிடம் மாதக் காசு கட்டுகிற டிஷ் இருக்கிறது. அனலொக் நின்றால் நாங்கள் ஏதாவது மாற்ற வேண்டுமா? (கோண்டாவில்)

பதில்: ஒன்றும் மாற்ற வேண்டாம். டிஷ்ஷில் வருவது ஏற்கனவே டிஜிட்டல்தான், தொலைபேசி இணைப்பில் வரும் பியோ ரீவியும் அப்படியே. கேபிள் என்றால் உங்கள் கேபிள்காரர் தன் பக்கத்தில் மாற்றிக்கொள்வார். கூரை அன்ரெனாவில் பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதை.

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணா புது ரீவி ஒன்று கொண்டுவருகிறார், கனடாவில் இருக்கும் மாமாவும் தன்னுடையதை அனுப்புகிறேன் என்கிறார். இரண்டிலும் "டிஜிட்டல்" என்று எழுதியிருக்கிறதாம். எது இங்கே சரிவரும்? (கொக்குவில்)

பதில்: அண்ணாவிடம் வாங்குங்கள், மாமாவிடம் வேண்டாமென்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

உலகத்துக்கு ஒரே டிஜிட்டல் முறை இல்லை. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் டிவிபி-ரி, டிவிபி-ரி2. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏரிஎஸ்சி. ஜப்பானில் ஐஎஸ்டிபி-ரி. ஒன்றின் ரியூனர் மற்றதைப் படிக்காது. ஆகவே லண்டன் ரீவியும் இங்கே ஐஎஸ்டிபி-ரி வந்தால் நேரடியாக எடுக்காது, ஆனால் மின்சாரமும் படமும் ஒத்துவரும்: அங்கும் 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ், இங்கும் அதே. எச்டிஎம்ஐ துளையில் ஒரு பொக்ஸைக் கொழுவினால் வேலை முடிந்தது. அதில் அனலொக் ரியூனரும் இருந்தால் மெனுவில் நாட்டை மாற்றி ஸ்கான் பண்ணிப் பாருங்கள். பழைய பிரித்தானிய செற்களில் படம் வந்து குரல் வராத குறை இருந்தது, காரணம் அங்கே ஒலி படத்தில் இருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வரும், இங்கே 5.5.

கனடா செற்றில் முதல் பிரச்சினை மின்சாரம். பின்பக்கம் 100–240 வோல்ற் என்று இருந்தால் சரி, 120 என்று மட்டும் இருந்தால் நேரே கொழுவிய கணத்தில் எரிந்துவிடும். அடுத்தது, வட அமெரிக்க ரீவிகள் பலவும் 60 ஹேர்ட்ஸ் படத்தை மட்டுமே ஏற்கும், எங்கள் பொக்ஸ் 50 ஹேர்ட்ஸில் கொடுத்தால் "சிக்னல் இல்லை" என்று நிற்கும். அனுப்புகிற கூலியையும் சேர்த்துப் பார்த்தால் இங்கேயே ஒன்று வாங்கலாம்.

ஜப்பானில் இருந்து யாராவது கொண்டுவந்தால்? முறை ஒன்றுதானே என்று நினைப்பீர்கள். அங்கே ஒரு சனலின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ், எங்கள் யூஎச்எவ் சனல்கள் 8 மெகாஹேர்ட்ஸ். மின்சாரமும் அங்கே 100 வோல்ற். அதுவும் வேண்டாம்.

கேள்வி: அம்மம்மா தனியாக இருக்கிறா, பழைய ரீவியில் அன்ரெனா போட்டு நேத்ரா, வசந்தம் என்ற தமிழ்ச் சனல்களைப் பார்ப்பா. மாதக் கட்டணம் கட்ட வழியில்லை. அனலொக்கை நிறுத்தினால் இப்படியானவர்களின் பொக்ஸுக்கு யார் காசு கொடுப்பது? சும்மா இருக்கிறதை ஏன் மாற்றவேண்டும்? (பருத்தித்துறை)

பதில்: தங்கச்சி, வந்த கடிதங்களில் எனக்கு அதிகம் மனதில் நின்றது உங்களுடையது. முதலில் ஏன் என்பதைச் சொல்கிறேன். அனலொக்கில் 8 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் போகும். டிஜிட்டலில் அதே இடத்தில் பல சனல்கள் போகும், ஐஎஸ்டிபி-ரியில் அந்த அகலத்தை 13 துண்டாகப் பிரித்து ஒரு துண்டைக் கைத்தொலைபேசிக்கென்றே ஒதுக்கலாம். மிஞ்சுகிற இடம் கைத்தொலைபேசி நிறுவனங்களுக்குப் போகிறது, அதில் அரசாங்கங்களுக்குப் பெரிய வருமானம். அந்த வருமானத்தில் ஒரு சின்னப் பங்கு உங்கள் அம்மம்மாவின் பொக்ஸுக்குப் போகவேண்டும் என்று கேட்பது பிச்சை கேட்பது அல்ல.

மற்ற நாடுகள் அப்படித்தான் செய்தன. அமெரிக்கா 2009 ஜூனில் அனலொக்கை மூடுமுன், கேட்ட வீட்டுக்கெல்லாம் 40 டொலர் கூப்பன் 2 வரை கொடுத்தது. பிரித்தானியா 2012இல் முடிக்கும்வரை, 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொக்ஸ் கொடுத்ததோடு விடாமல், வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பூட்டி, ரிமோட் பாவிக்கவும் காட்டிக்கொடுத்தது. ஜப்பான் வறிய வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. இங்கேயும் முன்பு சமுர்த்தி, இப்போது அஸ்வெசும என்று வருகிற அரச உதவிப் பட்டியலில் இருப்பவர்களின் வீடுகளும் முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளும் யாரென்று கிராம அலுவலருக்குத் தெரியும். பட்டியல் எடுப்பது கடினமில்லை.

மொழியும் முக்கியம். அனலொக் நிற்கும் அறிவிப்பு தமிழ்ச் சனல்களில், தமிழில், மாதக்கணக்காக, அன்ரெனாவில் பார்ப்பவர்களின் திரையிலேயே ஓடவேண்டும். பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டுவிட்டு "அறிவித்தோம்" என்று சொல்ல விடக்கூடாது. பொக்ஸின் மெனுவும் தமிழில் இருக்கவேண்டும், இது பொக்ஸ் இறக்குமதிக்கான நிபந்தனைகளில் ஒரு வரி எழுதினால் நடக்கிற காரியம்.

இதில் நான் உண்மையாகவே வரவேற்கிற ஒன்றும் இருக்கிறது. ஜப்பானிய முறையில் அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு என்று ஒரு வசதி உண்டு. அதற்கென்று செய்த பெட்டியாக இருந்தால், ரீவி காத்திருப்பு நிலையில் இருந்தாலும் எச்சரிக்கை வரும்போது தானாகவே விழித்துக்கொள்ளும். 2004 டிசெம்பர் 26 காலையில் வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கடல் வந்ததை ஒருவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை. கடற்கரைக் கிராமங்களுக்குக் கொடுக்கும் பொக்ஸில் இந்த வசதி கட்டாயம் இருக்கவேண்டும், எச்சரிக்கை தமிழில் வரவேண்டும். விலை கொஞ்சம் கூடும் என்று அதை வெட்டிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். உங்கள் ஊர் மீனவர் சங்கம் இதைக் கேட்டால் அந்தக் குரலுக்குத் தனி எடை இருக்கும்.

கேள்வி: மாரியில் இடி முழங்கும்போது ரீவியின் பிளக்கைக் கழற்றினால் போதும்தானே? (கரவெட்டி)

பதில்: போதாது. அன்ரெனா வயரையும் கழற்ற வேண்டும், அதுதான் கூரையில் இருந்து நேரே ரீவிக்குள் வருகிறது. பூஸ்டர் இருந்தால் அதன் பிளக்கும். ஆனால் முழக்கம் தலைக்குமேல் வந்தபிறகு எழும்பிப்போய் வயரைப் பிடிக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் மதியம் கறுக்கத் தொடங்கும்போதே கழற்றிவிடுங்கள். இரும்புக் குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் நிலத்தில் எர்த் பண்ணுவது நல்லது, அதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். சோளகக் காற்று தொடங்குமுன் குழாயின் இழுகம்பிகளையும் ஒருமுறை பாருங்கள். குழாய் சரிந்தால் மின்கம்பியில் தொடும் தூரத்தில் இருக்கிறதா? அப்படி என்றால் இன்றே இடம் மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய குண்டு ரீவி இன்னும் நன்றாக வேலை செய்கிறது. டிஜிட்டலுக்கு எறிந்துவிட வேண்டியதுதானா? (சுன்னாகம்)

பதில்: இல்லை. பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று 3 துளைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே துளைகள் உள்ள செற் ரொப் பொக்ஸாகக் கேட்டு வாங்கிக் கொழுவலாம். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. இப்போது வரும் பொக்ஸ்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கும், வாங்கும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தத் துளைகளே இல்லாத மிகப் பழைய செற் என்றால், பொக்ஸின் படத்தை அன்ரெனா துளை வழியாகக் கொடுக்கிற மொடுலேற்றர் என்ற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்தால் பொக்ஸின் மெனுவில் 4:3 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போதாவது அது பழுதாகி எறியவேண்டி வந்தால், வளவுக்குள் உடைத்துப் போடவோ எரிக்கவோ வேண்டாம். அந்தக் கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர் எங்களுடையது. பிரதேச சபை இலத்திரனியல் கழிவு எடுக்கும் நாளை விசாரித்துக் கொடுங்கள், அதுவரை மழை படாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள்.